தாலி ஏறும்வரை

குதிரைப்படைக்காரன் வீட்டில் போய்ப் பொய் சொல்வது லேசில்லை. கூடவே குதிரையையும் பொய் சொல்லப் பழக்க வேண்டும். அதைத்தான் சிலம்பன் மறந்துபோனான்.

ஒரு பாளையத்தின் படையில் அவனும் உடையப்பனும் ஒன்றாகச் சேவகம் செய்தார்கள். மீசை முளைக்குமுன்பே சேணமில்லாமல் கண்மாய்க்குள் குதிரை இறக்கி, சேர்ந்தே அடி வாங்கிய ஜோடி. கோட்டைச் சண்டையில் ஈட்டி பாய்ந்து விழுந்த உடையப்பன், நண்பன் மடியில் கிடந்து கேட்டது ஒன்றுதான்: "தங்கச்சி கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் ஆத்தாகிட்டச் சொல்லாதடா."

காரணம் இருந்தது. தூரத்துச் சாவுக்கு, சேதி காதில் விழுந்த நாளிலிருந்துதான் தீட்டு என்பது ஊர் வழக்கம். சண்டையால் ஏற்கெனவே தள்ளிப்போன கல்யாணம். இன்னொரு தடவை தள்ளினால் வேறு பெண் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சிலம்பன் நண்பனின் குதிரையோடு போய் நின்றான். இருவரும் ஒரே கலத்தில் கூழ் குடித்த வீடு. கடிவாளத்தைப் பிடித்தபடியே, "அவனுக்குக் கோட்டைக் காவல், ஆத்தா. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரையை மட்டும் அனுப்பிச்சான்" என்றான்.

உடையப்பனின் தாய் ஆவுடைத்தாய் குதிரையின் கழுத்தைத் தடவினாள். "களைச்சு வந்திருக்கு. தண்ணி காட்டு, ராசா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். மறுநாள் வந்தவர்களையெல்லாம் சிரித்த முகமாகப் பந்தியில் உட்காரவைத்தாள்.

தாலி ஏறியதும் சிலம்பன் அவள் காலில் விழுந்தான்.

"எனக்கு நேத்தே தெரியும்யா. சலங்கையக் கழட்டித்தானே கூட்டியாந்த?"

செத்தவன் குதிரையின் சலங்கையைக் கழற்றிவிடுவது படை வழக்கம். பழக்கதோஷத்தில் கழற்றியவன் மறுபடி கட்டவில்லை. அவள் புருஷன் குதிரையும் ஒருநாள் அப்படித்தான் சத்தமில்லாமல் வீடு வந்தது. இதைச் சொன்ன பிறகுதான் அவள் வாய்விட்டு அலறினாள்.

சத்தம் கேட்டு மணப்பெண் பூவாயி மாலையும் கழுத்துமாக ஓடிவந்து, நடந்ததைக் கேட்டறிந்தாள். "எங்கண்ணன் செத்துக் கெடக்க, என்னைச் சிரிக்க வச்சுட்டீங்களே! எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேனே!" மாலையைக் கழற்றிக் குதிரையின் கழுத்தில் போட்டு, அதைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

சாகிறவனுக்குக் கொடுத்த வாக்குக்காகப் பொய் சொன்னவன், தெரிந்தும் பந்தி விசாரித்தவள், தன்னைக் கேட்கவில்லையே என்று கொதித்தவள். சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: தாய் செய்ததுதான். சிலம்பன் வாக்கைக் காத்தான். நண்பன் சொன்னதைச் செய்தான், அவ்வளவே. பூவாயியின் கோபம் நியாயம், ஆனால் கல்யாணம் நின்றிருந்தால் அண்ணனின் கடைசி ஆசையும் அவனோடு செத்திருக்கும். ஆவுடைத்தாயிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. மகன் என்ன கேட்டிருப்பான் என்று தானாகவே அறிந்து, பெற்ற வயிறு எரிய எரிய ஊருக்குச் சோறு போட்டாள். அதற்காக மகள் கோபப்பட்டது தப்பென்று சொல்லிவிடாதீர்கள், பெற்றவளே சொல்லவில்லை.