சொள்ளமுத்து சொன்ன கடிதம்

மலையடிவாரத்தில் புண் ஆற்றுவதற்கென்றே ஒரு சிறிய ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டர் தில்லைநாயகி அதை நடத்தினார். சர்க்கரை நோயால் காலில் புண் வந்தவர்கள் எங்கெங்கிருந்தோ அவரிடம் வருவார்கள்.

சுடர்க்கொடி கல்லூரியில் மூன்றாம் வருஷம் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. தில்லைநாயகி படித்த மருத்துவக் கல்லூரியில்தான் சேர நினைத்தாள். அங்கே மார்க் மட்டும் போதாது, ஒரு வருஷமாவது நோயாளிகளோடு பழகியவர்களைத்தான் எடுப்பார்கள். அதற்குச் சான்றுக் கடிதம் வேண்டும். அதனால் சனி, ஞாயிறுகளில் பஸ் பிடித்து தில்லைநாயகியிடம் வந்தாள். பேசின் கழுவினாள். கட்டுத் துணி வெட்டினாள். பிறகு கட்டவும் கற்றாள்.

வருஷம் முடிந்தது. விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசி நாள். இது தவறினால் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

“அம்மா, கடிதம்…”

“இங்க உள்ள வழக்கம் தெரியும்ல? நோயாளி சொல்லுவாங்க. நான் எழுதுவேன். நானா ஒரு எழுத்து சேக்க மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.”

“தெரியும் அம்மா. பேச்சியக்கா வெளிய இருக்காங்க. கூப்பிடட்டுமா?”

“பேச்சி உன்னைத் தங்கம்னுவா, வைரம்னுவா. சொள்ளமுத்துவைக் கூப்பிடு.”

வாசலுக்குத் திரும்பிய சுடர்க்கொடி நின்றுவிட்டாள். “அவரா?”

“அவருதான்.”

சொள்ளமுத்து லாரிகளில் மூட்டை ஏற்றுகிறவர். ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்து உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எழுதுங்க டாக்டரம்மா. இந்தப் பிள்ளை கட்டுன கட்டுல என் கால்விரல் அஞ்சும் நாவப்பழமாட்டம் கறுத்துப்போச்சு.”

“அண்ணாச்சி! அதையா சொல்லுவீங்க?”

“ஏன், நடக்கலையா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தில்லைநாயகி எழுதினார்.

“கட்டி முடிச்சிட்டு, ‘வலிக்கா அண்ணாச்சி’ன்னு கேட்டா. இல்லன்னேன். நல்லாத்தான் கட்டியிருக்கோம்னு கிளம்பிப் போயிட்டா. என் காலுக்குத்தான் தீக்கங்கு பட்டாலும் தெரியாதே! உணர்ச்சி செத்த கால்கிட்டப் போய் வலியைக் கேட்டா, அது என்னத்தைச் சொல்லும்?”

“மெதுவா சொல்லுங்க. கை வலிக்குது” என்றார் தில்லைநாயகி.

“பஸ்ல போறப்போ இவளுக்கு அது உறைச்சிருக்கு. பாதி வழியில இறங்கிட்டா. திரும்பி வர பஸ் இல்ல. ஓட்டமும் நடையுமா வந்து நிக்கா, மூஞ்செல்லாம் வேர்வை. நான் பாட்டுக்குப் படுத்து ரேடியோ கேட்டுக்கிட்டிருக்கேன். கட்டை அவுத்தா. விரலைப் பாத்ததும் அழுதா பாருங்க, பக்கத்துக் கட்டில்காரன் நான் செத்துட்டேன்னு எந்திரிச்சிட்டான்.”

தில்லைநாயகி சிரித்துவிட்டார். சுடர்க்கொடி சிரிக்கவில்லை.

“அழுதுக்கிட்டே உங்ககிட்ட வந்து, ‘நான்தான் இறுக்கிக் கட்டினேன்’னு அவளேதான் சொன்னா. அவ சொல்லலன்னா எனக்கே தெரிஞ்சிருக்காது.” சொள்ளமுத்து காலை நீட்டிக் காட்டினார். “அஞ்சும் இருக்கு. போன மாசம் எம் மக கல்யாணத்துல இந்தக் காலோடதான் பந்தி விசாரிச்சேன். இந்தப் பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிடணும். சின்னவங்களைக் கும்பிட்டா அவங்களுக்கு ஆகாதுன்னு வீட்டுக்காரி வையுவா. அதான் கொய்யா.”

பையை அவள் கையில் கொடுத்தார். கடிதத்தின் அடியில் பெருவிரலை அழுத்திவிட்டுப் போனார்.

சுடர்க்கொடி கடிதத்தை வாங்கிப் படித்தாள். நாவற்பழம் முதற்கொண்டு எல்லாம் இருந்தது.

“அம்மா, அவரோட பெரிய மனசுக்கு ஈடா நான் என்ன செஞ்சிருக்கேன்? இப்படி வாழ்த்திட்டுப் போறாரு.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா காலேஜ்ல முதல் வரியைத்தானே பாப்பாங்க? மத்தவங்க எல்லாரும் குறையில்லாத கடிதம் கொண்டு வருவாங்களே.”

“ஆமா. கொண்டு வருவாங்க.”

“உங்களுக்கும் அப்படித்தானே கிடைச்சிருக்கும்?”

தில்லைநாயகி பேனாவை மூடி வைத்தார்.

“என் கடிதத்துல ஒரு குறையும் இல்ல, சுடர். நானும் உன் வயசுல ஒருத்தருக்கு இப்படித்தான் கட்டிட்டு பஸ் ஏறினேன். பாதி வழியில எனக்கும் உறைச்சது. நான் இறங்கல.”