ஆனியில் காய்ச்சிய பால்

வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத்தான் பூங்கோதையின் எரிச்சல் புரியும். ஒரு வீட்டில் தண்ணீர் வராது. தண்ணீர் வருகிற வீட்டில், குழந்தை என்றதும் ஓனர் முகம் கோணும், சுவரில் கிறுக்குமாம். தொடக்கப்பள்ளிக்குப் பக்கத்தில் வீடு கேட்டு, குழந்தை இல்லாதவர்களா வருவார்கள்?

அவளுக்கு வேண்டியது ஒன்றே: பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் நெடுஞ்சாலை இருக்கக் கூடாது. கணவன் வெளியூர் வேலையில். அவள் ஆஸ்பத்திரி வேலை முடிந்து திரும்ப இருட்டிவிடும். ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் நறுமுகை தனியாகத்தான் வர வேண்டும். ஒருநாள் அவள் நடுரோட்டில் நின்று அழ, லாரி ஒன்று மயிரிழையில் நின்றது. அன்றோடு பூங்கோதைக்குத் தூக்கம் போயிற்று.

தணிகாசலத்துக்கு மூன்று ஃப்ளாட். பள்ளியை ஒட்டிய கட்டடத்தில் ஒன்றில் அவரும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். பள்ளிக்கூட இரைச்சலில் மத்தியானம் கண்ணை மூட முடியவில்லை என்று அந்தம்மா தினமும் முனகுவார். எதிர்ஃப்ளாட் காலி. மூன்றாவது, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்தது. அதைத்தான் முதலில் பூங்கோதை தலையில் கட்டப் பார்த்தார்.

"ரோட்டைத் தாண்டினா ரெண்டு நிமிஷம்மா."

"நீங்க தாண்டிடுவீங்க சார். அவ தாண்ட மாட்டா."

ஒருவழியாக எதிர்ஃப்ளாட்டுக்குச் சம்மதித்தார். ஆடியில் குடிபோகக் கூடாதே என்று, ஆனியிலேயே நல்ல நாள் பார்த்து வெறும் வீட்டில் பால் காய்ச்சினாள். தணிகாசலமும் ஒரு டம்ளர் குடித்தார். "இனி இது உங்க வீடு. ஆவணியில சாமானோட வாங்க" என்று சொல்லி, வெள்ளையடிக்கச் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஆவணியில் சாமான் வண்டியோடு வந்து இறங்கினால், சபீனா என்றொரு பெண் கதவைத் திறக்கிறாள். ஆடி பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. போன மாதமே குடிவந்துவிட்டாள். அவள் மகனும் அதே பள்ளி, அதே ஒன்றாம் வகுப்பு.

"காலி வீடுன்னுதான்க்கா சொன்னாரு. பழைய வீட்டுக்கு வேற ஆள் வந்துட்டாங்க" என்றாள், கண் கலங்கி. பூங்கோதையின் பழைய வீட்டுக்கும் அன்றைக்கு ஆள் வந்துவிட்டது.

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். "ஒரு மாசம் பூட்டிப்போட மனசு வரலம்மா. யாராவது ஒருத்தர் அந்தப் பக்கம் போயிடுங்க. ரெண்டு நிமிஷம்தான்."

பூங்கோதைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் பால் காய்ச்சியவள் அவள். விஷயம் அறியாமல் வந்து குடியிருப்பவள் சபீனா. நீங்களே சொல்லுங்கள்: ரோட்டைத் தாண்டி யார் போவது நியாயம்?

விடை: தணிகாசலம்தான். ஒரே வீட்டை இரண்டு பேருக்குச் சொன்னவர் அவர். பள்ளிக்குப் போகப் பிள்ளையும் அவர் வீட்டில் இல்லை. அவர் போனால் அவர் ஃப்ளாட்டில் பூங்கோதை இருந்துகொள்ளலாம். பூங்கோதை இதைச் சொன்னதும், "நாள் பார்க்காம எப்படிம்மா குடிபோறது?" என்று இழுத்தார்.

"நான் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன் சார். இன்னைக்கு நல்ல நாள். வண்டியும் வாசல்ல நிக்குது."

அவர் வாய் திறப்பதற்குள், உள்ளேயிருந்து அவர் மனைவி பால் பாத்திரமும் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டுச் சாவியுமாக வெளியே வந்தார்.