சடையன் சேர்த்த கன்றுகள்

மேற்கே மலையும் கிழக்கே மூங்கில் புதருமாக விரிந்து கிடந்த காடு ஒன்றில், சடையன் என்ற கரடி வாழ்ந்து வந்தான். அவனுக்குத் தேன் மேல் ஆசை கிடையாது. கரையான் புற்றின் மேலும் ஆசை கிடையாது. இது என்ன கரடி என்று நீங்கள் கேட்பீர்கள், குழந்தைகளே. அந்தக் காடும் அப்படித்தான் கேட்டது.

அவன் ஆசையெல்லாம் பழமரக் கன்றுகள் மேல்தான்.

"அந்தச் சாரல் மலையில் மங்குஸ்தான் முளைத்திருக்கிறதாம்" என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால் போதும். அப்போதே கிளம்பிவிடுவான். மூன்று நாள் நடந்து போய், கன்றை வேர் மண்ணோடு பெயர்த்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வருவான். குகை வாசலில் நட்டுவிட்டு இரண்டு நாள் அதையே சுற்றிச் சுற்றி வருவான். மூன்றாம் நாள், ரம்புட்டான் எங்கோ இருக்கிறது என்று காதில் விழும். மங்குஸ்தானை மறந்துவிட்டு மறுபடியும் கிளம்பிவிடுவான்.

இப்படியே நாற்பத்தொரு கன்றுகள் சேர்ந்துவிட்டன. குகை வாசலில் கால் வைக்க இடமில்லை. ஒரு கன்றின் இலை இன்னொரு கன்றின் முகத்தில் இடித்தது. உள்ளே போய்ப் படுக்க வேண்டுமானால் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும்.

சரி, இத்தனைக்கும் தண்ணீர் ஊற்றியது யார்? சடையனா? அவன்தான் ஊரில் இருப்பதே இல்லையே!

ஊற்றியது அவன் மனைவி செவந்தி. பள்ளத்தில் இருந்த ஊற்றுக்குச் சுரைக்குடுக்கையோடு இறங்குவாள், நிரப்புவாள், மூச்சு வாங்க மேட்டில் ஏறுவாள், ஊற்றுவாள், திரும்பவும் இறங்குவாள். காலையில் இருபது நடை. மாலையில் இருபது நடை.

ஒருநாள் அவள் குடுக்கையை 'டக்'கென்று கீழே வைத்தாள்.

"நான் ஒன்று கேட்கிறேன். இதில் ஒரு பழமாவது நாம் தின்றிருக்கிறோமா?"

"தின்பது எல்லாரும் செய்கிற வேலை" என்றான் சடையன். "இந்தக் காட்டில் யார் வீட்டில் மங்குஸ்தான் இருக்கிறது, சொல்லு பார்ப்போம்."

"மங்குஸ்தான் வந்து மூன்று வருடம் ஆகிறது. இன்னும் என் முழங்காலுக்குத்தான் நிற்கிறது."

"அப்படியா? வேர் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம்." சடையன் குனிந்து கன்றை லேசாக இழுத்தான்.

"ஐயோ, விடுங்கள்! நேற்றும் பார்த்தீர்களே!"

"நேற்று பார்த்தது நேற்று வரைக்கும் பிடித்த வேரை. இன்று எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரிய வேண்டாமா?"

செவந்தி குடுக்கையை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு இறங்கினாள்.

அந்த வருடம் கோடை பொல்லாத கோடையாக வந்தது. மூங்கில் இலைகள் சுருண்டன. ஓடை நின்றது. ஊற்றில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஊற்றைக் காவல் காத்தவர் கொம்பன் யானை. வளவள என்று பேசுவது அவருக்குப் பிடிக்காது.

எல்லா விலங்குகளையும் கூட்டி அவர் சொன்னார்: "குடிக்க எல்லாரும் வரலாம். வீட்டுக்கு எடுத்துப்போக, ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக்கு ஒரு குடுக்கை. எலி வீடானாலும் சரி, புலி வீடானாலும் சரி. போங்கள்."

"கொம்பரே, என் வீட்டில் நாற்பத்தொரு கன்று இருக்கிறது" என்றான் சடையன்.

"ஒரு குடுக்கை" என்றார் கொம்பன்.

"மங்குஸ்தான் இருக்கிறது, ரம்புட்டான் இருக்கிறது, துரியன்கூட..."

"ஒரு குடுக்கை."

சடையன் அந்த ஒரு குடுக்கைத் தண்ணீரை நாற்பத்தொரு கன்றுக்கும் பங்கு போட்டான். எல்லாவற்றுக்கும் ஒரு கை. ஒரு கைத் தண்ணீர் மண்ணின் மேல்தோலை நனைத்தது. வேர் வரைக்கும் போகவில்லை. பத்து நாளில் பன்னிரண்டு கன்றுகள் பட்டுப்போயின.

செவந்திக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அந்தப் பன்னிரண்டுக்கும் எத்தனை நடை நடந்திருப்பாள்!

"இதோ பாருங்கள்" என்றாள். "முயல் வீட்டுக்கு ஒரு குடுக்கை உண்டு, செடி கிடையாது. முள்ளம்பன்றி வீட்டுக்கும் ஒரு குடுக்கை உண்டு, செடி கிடையாது. மான், கீரி, உடும்பு எல்லார் வீடும் அப்படித்தான். ஆளுக்கு ஒரு கன்று கொடுத்துவிட்டால் இருபத்தொன்பதும் பிழைக்கும்."

சடையன் துள்ளி எழுந்தான். "கொடுப்பதா? மங்குஸ்தான் முயல் வீட்டில் நின்றால் அப்புறம் எனக்கு என்ன பெருமை?"

"கொடுத்தால் முயல் வீட்டில் மரமாவது இருக்கும். கொடுக்காவிட்டால் உங்கள் வீட்டில் குச்சிதான் இருக்கும்."

"குச்சியானாலும் அது மங்குஸ்தான் குச்சி!"

இப்படிப் பேசுகிறவனிடம் என்னதான் சொல்வது? செவந்தி குகை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் இன்னும் இரண்டு கன்றுகள் தலை தொங்கின.

அந்த வழியாக முள்ளம்பன்றி கூரன் வந்தான். அவன் ஒரு சிடுமூஞ்சி. சடையனுடைய கன்றுகள் பாதையை அடைத்துவிட்டன என்று தினமும் புலம்புகிறவன்.

"என்ன அக்கா, இன்றைக்கு எத்தனை?" என்று கேட்டான்.

"இரண்டு" என்றாள் செவந்தி. அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சடையன் உள்ளே படுத்திருந்தான். ஆனால் தூங்கவில்லை, காது இரண்டும் வெளியேதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் குரலை உயர்த்தினாள்.

"கூரா, உனக்கு விஷயம் தெரியுமா? என் வீட்டுக்காரரிடம் மங்குஸ்தான் இருக்கிறதென்று மேற்குப் பக்கத்தில் ஒருவருக்குமே தெரியாதாம்!"

கூரன் விழித்தான். செவந்தி கண்ணைச் சிமிட்டினாள். சிடுமூஞ்சியானாலும் கூரன் முட்டாள் இல்லை.

"எப்படித் தெரியும் அக்கா?" என்று அவனும் உரக்கச் சொன்னான். "இந்த மூலையில் ஒளித்துவைத்தால் யார் கண்ணில் படும்? மேற்கே ஒரு மரம், கிழக்கே ஒரு மரம், ஊற்றங்கரையில் ஒரு மரம் என்று நின்றால், போகிறவன் வருகிறவன் எல்லாம் 'இது யார் மரம்?' என்று கேட்பான். 'சடையன் மரம்' என்று சொல்ல வேண்டியிருக்கும். நல்லவேளை, இப்போது அந்தத் தொல்லை இல்லை."

குகைக்குள் ஏதோ உருண்டது. அடுத்த நொடி சடையன் வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

"செவந்தி, எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது!"

"உங்களுக்கா? சொல்லுங்கள்."

"வீட்டுக்கு ஒரு கன்றாகக் கொடுத்து வைக்கலாம். ஆனால் கேட்கிறவர்களிடம் எல்லாம் 'இது சடையன் மரம்' என்று சொல்ல வேண்டும். அதற்குச் சம்மதித்தால்தான் கன்று!"

"எப்படித்தான் உங்களுக்கு இப்படியெல்லாம் தோன்றுகிறதோ!" என்றாள் செவந்தி. கூரன் சிரிப்பை அடக்கியதில் அவன் முட்கள் எல்லாம் கிலுகிலுத்தன.

மறுநாள் ஊர் முழுக்கக் கன்றுகள் போயின. கூரனுக்குச் சப்போட்டா. மானுக்கு ரம்புட்டான். முயல் வெள்ளச்சிக்கு மங்குஸ்தான் கன்று. அவள் பயந்தாங்கொள்ளி. கன்றைக் கையில் வாங்கவே தயங்கினாள்.

"அக்கா, இது செத்துப்போனால் அண்ணன் என்னை அடிப்பாரோ?"

"அடிக்க மாட்டார். நிழலில் நடு. தண்ணீரைத் தண்டில் ஊற்றாதே, சுற்றிலும் ஊற்று. வேரைத் தொடவே தொடாதே" என்று செவந்தி சொல்லிக்கொடுத்தாள்.

ஒரே ஒரு கன்றை மட்டும் சடையன் தனக்கென்று வைத்துக்கொண்டான். அது துரியன். எல்லாவற்றிலும் தொலைவிலிருந்து கொண்டுவந்தது அதைத்தான். இப்போது முழுக்குடுக்கைத் தண்ணீரும் அதற்குக் கிடைத்தது. வேறு வேலையும் அவனுக்கு இல்லை. அதனால் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அதன் வேரைப் பெயர்த்துப் பார்த்தான். ஒன்பதாம் நாள் துரியனும் பட்டுப்போயிற்று.

"பூச்சி விழுந்துவிட்டது" என்றான் சடையன்.

"ஆமாம், பெரிய பூச்சி. உடம்பெல்லாம் மயிர்" என்றாள் செவந்தி.

மழை வந்தது. கோடை போயிற்று. அதன் பிறகு எத்தனையோ மழையும் கோடையும் வந்து போயின. மற்ற வீட்டுக் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்தன, பிறகு ஆளுயரம் வளர்ந்தன. முதல் கொஞ்ச காலம் எல்லாரும் மறக்காமல் 'இது சடையன் மரம்' என்று சொன்னார்கள். பிறகு 'கூரன் வீட்டுச் சப்போட்டா' என்றார்கள். 'வெள்ளச்சி மரம்' என்றார்கள். யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. தினமும் மரத்தடியில் யார் நிற்கிறார்களோ அவர்கள் பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

இது சடையன் காதில் விழுந்ததும் அவன் உறுமினான்.

"சம்மதித்துத்தானே வாங்கினார்கள்? இதோ போய்க் கேட்கிறேன்! முதலில் அந்த முயலை!"

"சண்டை போடாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே செவந்தியும் பின்னால் ஓடினாள். அலுத்துப்போன கால்களோடு அவனுக்குப் பின்னால் ஓடுவது அவளுக்குப் புதிதா என்ன?

வெள்ளச்சியின் வளைக்குப் பக்கத்தில் மங்குஸ்தான் மரம் அடர்ந்து நின்றது. தடித்த பச்சை இலைகள். அந்த இலைகளுக்கு நடுவே கருஞ்சிவப்பாக உருண்டு உருண்டு ஏதோ தொங்கியது. சடையன் உறுமிக்கொண்டே வந்தவன், அதைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டான்.

"அது என்ன?"

"பழம், அண்ணா" என்றாள் வெள்ளச்சி, வளைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தபடி. "முதல் காய்ப்பு. ஒன்பதே ஒன்பதுதான். உங்களுக்குக் கொண்டுவர இருந்தேன். அதற்குள் நீங்களே வந்துவிட்டீர்கள்."

அவள் ஒரு பழத்தைப் பறித்து அவன் கையில் வைத்தாள். சடையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எப்படித் தின்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. தோலோடு கடித்தான். கசந்தது. முகத்தைச் சுளித்தான்.

"அப்படி இல்லை, அண்ணா. அடியில் பூ மாதிரி இருக்கிறது பாருங்கள். அதில் எத்தனை இதழ்?"

"ஆறு."

"அப்படியானால் உள்ளே ஆறு சுளை. எப்போதும் தப்பாது."

வெள்ளச்சி தோலை அழுத்திப் பிளந்தாள். உள்ளே பஞ்சு போல வெள்ளை வெளேரென்று ஆறு சுளைகள் இருந்தன. சடையன் ஒன்றை வாயில் போட்டான். அவன் கண்கள் அகலமாகின. இரண்டாவதைப் போட்டான். மூன்றாவது, நான்காவது. எதற்காக வந்தான் என்பதே மறந்துபோயிற்று.

ஆறாவது சுளையும் உள்ளே போன பிறகு அவன் மெல்லச் சொன்னான்: "இது இவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியாதே!"

"பழம் இனிக்கும் என்று தெரியாமல்தான் இத்தனை வருடம் என்னைத் தண்ணீர் தூக்க வைத்தீர்களா?" என்றாள் செவந்தி.

சடையன் அவளைப் பார்த்தான். கையிலிருந்த வெறும் தோலைப் பார்த்தான்.

"உனக்கு ஒரு சுளை வைக்க மறந்துவிட்டேன், செவந்தி."

"அது தெரிந்ததுதானே."

வெள்ளச்சி மரத்துக்கு ஓடினாள். இருந்ததிலேயே பெரிய பழமாகப் பறித்து வந்து செவந்தியிடம் நீட்டினாள். "அக்கா, இது உங்களுக்கு. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடிதான் வளர்த்தேன்."

செவந்தி மரத்தடி நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பழத்தின் அடியைத் திருப்பி இதழ்களை எண்ணினாள். ஏழு. ஒவ்வொரு சுளையாக எடுத்து, நிதானமாகச் சுவைத்துத் தின்றாள். சடையன் எதிரில் உட்கார்ந்து ஏழு சுளையும் தீரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கேட்கவில்லை. அவள் கொடுக்கவும் இல்லை.

நீதி: கன்றைச் சேர்ப்பவருக்கு அல்ல, தினமும் கவனித்து வளர்ப்பவருக்கே மரம் சொந்தம்.