எது சீக்கிரம் காயும்

“எது சீக்கிரம் காயும்?” என்று கேட்டார் லூர்துசாமி.

ஹாஜிரா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

திருச்சியில் சினிமா தியேட்டர்கள், அலுவலகங்கள், ஓட்டல் ஹால்கள் என்று எங்கே கார்ப்பெட் அழுக்கேறிக் கிடந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எந்த முறையில் அழுக்கு நன்றாகப் போகும் என்பதுதான்.

லூர்துசாமி ஒருவர்தான் இப்படிக் கேட்டார். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். வேனை ஏன் விட்டார் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அன்று ஒரு தியேட்டரில் வேலை. காலை முழுக்க அவரைத் தூசி உறிஞ்சும் மெஷினை ஓட்ட வைத்தாள். மதியம் அதன் பையைத் திறந்து, ஒரு பிடி தூசியை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“இதை எடுக்காம மேல தண்ணி ஊத்தினா என்னண்ணே ஆகும்?”

“சேறாகும்.”

“ம்.”

அவர் கையை உதறிக்கொண்டார்.

“சரி மேடம். தண்ணி ஊத்தினப்புறம் எவ்வளவு நேரத்துல காயும்?”

*

இன்னொரு நாள் ஓர் அலுவலகத்தில் அவரைத் தனியாக விட்டுவிட்டு வந்தாள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கார்ப்பெட். வெந்நீர் அடித்து உறிஞ்ச வேண்டியது. அவர் பவுடரைத் தூவி, தேய்த்து, உறிஞ்சி எடுத்துவிட்டு வந்தார். பவுடரில் ஈரமே இருக்காது. முடித்த கையோடு நடக்கலாம்.

இரண்டே நாளில் கார்ப்பெட் மறுபடி கறுத்துவிட்டது.

ஹாஜிரா திட்டவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு போய் முதலிலிருந்து செய்தாள். வரும் வழியில் கேட்டாள்.

“அழுக்கைப் பாத்துதானே முறையை முடிவு பண்ணணும். உங்களுக்கு ஏண்ணே இவ்வளவு அவசரம்?”

அவர் வண்டியின் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது.

இரண்டாம் மாடி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு ஹால். நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் தரையில் கிடக்கிறார்களே என்று யாரோ புண்ணியவான் கார்ப்பெட் போட்டுக் கொடுத்திருந்தார். அதில்தான் சாப்பிட்டார்கள், படுத்தார்கள், ஜெபம் செய்தார்கள், அழுதார்கள். என்ன நிறத்தில் வாங்கிப் போட்டது என்று இப்போது சொல்ல முடியாது.

லூர்துசாமி வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஹாஜிரா மண்டியிட்டாள். விரலால் இழைகளை விலக்கி அடிவரை பார்த்தாள். குனிந்து முகர்ந்தாள். பால், சாம்பார், மருந்து, வாந்தி.

“வெந்நீர்தான். வேற எதுக்கும் இது அசையாது.”

“பவுடர் போடலாமே,” என்றார் லூர்துசாமி வாசலிலிருந்து.

“போடலாம். மேல மட்டும் வெளுக்கும். ஜனங்க முகத்தை வெச்சுப் படுக்கற இடம்ண்ணே.”

“எப்பக் காயும்?”

“நாளைக்குக் காலையில.”

ஆஸ்பத்திரி மேலாளர் பக்கத்தில் நின்றிருந்தார். பொறுமையான மனிதர். “அதுக்கென்ன, ஹாலை ஒரு நாள் மூடிக்கலாம். எல்லாரையும் மாடிப்படிக்கு அனுப்பிடறேன்,” என்றார்.

லூர்துசாமி தோளிலிருந்த குழாயை இறக்கித் தரையில் வைத்தார்.

“அப்ப நான் செய்யமாட்டேன் மேடம்.”

மேலாளர் ஹாஜிராவைப் பார்த்தார். பிறகு வருகிறேன் என்று நகர்ந்துகொண்டார்.

ஹாஜிரா கார்ப்பெட்டில் உட்கார்ந்தாள்.

“உக்காருங்கண்ணே.”

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

“ஜெசிந்தா உள்ள இருந்தா. என் சம்சாரம். நான் அந்தத் தூண்கிட்டதான் கிடந்தேன், இருபது நாளுக்கு மேல. ஒருநாள் கார்ப்பெட் கழுவ ஆளுங்க வந்தாங்க. தண்ணி அடிச்சுட்டு, காயட்டும்னு எங்களை எல்லாம் படிக்கு அனுப்பிட்டாங்க.”

ஹாஜிரா படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“ஸ்பீக்கர் இந்த ஹாலுக்குள்ளதான் இருக்கு. படியில கேக்காது. பல தடவை கூப்பிட்டாங்களாம். ஜெசிந்தா வீட்டுக்காரர் வாங்க, ஜெசிந்தா வீட்டுக்காரர் வாங்கன்னு. அவளுக்கு நினைவு வந்திருக்கு. என்னைத்தான் கேட்டிருக்கா. நான் படியில உக்காந்து, பக்கத்துல இருந்தவருக்கு டீ ஊத்திக் குடுத்துக்கிட்டிருந்தேன்.”

அவர் தூணைப் பார்த்தார்.

“நர்ஸம்மா தேடிவந்து கூட்டிட்டுப் போனாங்க. அதுக்குள்ள முகத்தை மூடிட்டாங்க.”

ஹாலில் ஒரு பெண் துணிமணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் ஒரே பொட்டலத்திலிருந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் துண்டால் முகத்தை மூடிப் படுத்திருந்தார். அந்தத் துண்டுக்குள் அவர் தூங்கவில்லை என்பது தெரிந்தது.

ஹாஜிரா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவள் கார்ப்பெட்டைத்தான் பார்த்திருந்தாள்.

“இதை எப்படிக் கழுவறதுன்னு எனக்குத் தெரியலைண்ணே,” என்றாள். “நீங்க சொல்லுங்க.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஹாலை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

“வெந்நீர்தான்,” என்றார் கடைசியில். “உள்ள சேக்கறதுக்கு முன்னாடி அவளும் இங்க உக்காந்திருந்த நாளு உண்டு. நாத்தம் தாங்காம மூக்கைப் பொத்திக்குவா. வெந்நீர்தான் அடிக்கணும். ஆனா பாதி ஹால் இன்னைக்கி, பாதி நாளைக்கி.”

“சரி.”

“உள்ள போற கதவுக்கு வழி விடணும்.”

“சுவரோரமா பிளாஸ்டிக் விரிச்சிடலாம்.”

“மெஷின் சத்தத்துல ஸ்பீக்கர் கேக்காது.”

“நீங்க கையைத் தூக்குங்க. நிறுத்திடறேன்.”

*

கதவை ஒட்டியிருந்த பாதிக்கு நாடா கட்டினார்கள். மீதிப் பாதியில் பெண்களும் வயதானவர்களும் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். மற்றவர்கள் படிக்கு இறங்கினார்கள்.

லூர்துசாமியும் இறங்கினார். ஒவ்வொருவரிடமும், அவரவர் பெயரையும் உள்ளே இருப்பவர் பெயரையும் கேட்டார்.

“நீங்க யாரு?” என்றார் ஒருவர்.

“கார்ப்பெட் கழுவ வந்தவன்.”

“அதுக்கு எங்கம்மா பேரு எதுக்கு?”

“கூப்பிட்டா வந்து சொல்றேன்.”

அந்த மனிதர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெயரைச் சொன்னார்.

பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே மேலே வந்து, ஹால் வாசலில் ஸ்பீக்கருக்கு நேர் கீழே நின்றுகொண்டார்.

ஹாஜிரா முதலில் தூசியை உறிஞ்சினாள். பிறகு வெந்நீரை அடித்தாள், உறிஞ்சினாள். தண்ணீர் கன்னங்கரேல் என்று வந்தது. வாளி வாளியாகக் கொண்டுபோய்க் கொட்டினாள். தண்ணீர் தெளியத் தொடங்கியதும், ஈரம் சீக்கிரம் குறைய வேண்டும் என்று வெறும் உறிஞ்சலாகவே ஓட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் கரகரக்கும்போதெல்லாம் அவர் கையைத் தூக்கினார். அவள் மெஷினை நிறுத்தினாள். மருந்துக்கு, ரத்தத்துக்கு, கையெழுத்துக்கு என்று கூப்பிட்டார்கள். அவர் போய்க் கூட்டிவந்தார்.

மதியத்துக்குமேல் கார்ப்பெட்டின் நிறம் தெரிந்தது. நீலம்.

மறுபடி ஸ்பீக்கர் கரகரத்தது. கை உயர்ந்தது.

“முத்துராக்கு வீட்டுக்காரங்க. முத்துராக்கு வீட்டுக்காரங்க உடனே வாங்க.”

அந்தக் குரலில் இருந்த அவசரத்தை ஹாஜிராவும் கேட்டாள்.

லூர்துசாமி படிகளில் ஓடினார். திருப்பத்தில் ஓர் ஆள் மடியில் பையோடு சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். கட்டட வேலை செய்கிறவன். சட்டையில் சிமெண்ட் காய்ந்திருந்தது.

“தவசி, உன்னைக் கூப்பிடறாங்க.”

அவன் விழித்தான். “என்ன ஆச்சு?”

“தெரியல. எந்திரிப்பா.”

“ஆத்தா நல்லாத்தானே இருந்துச்சு. காலையில கஞ்சி குடிச்சுச்சே.”

“வா. நான் கூட வரேன்.”

அவன் பையைத் தேடினான், செருப்பைத் தேடினான். லூர்துசாமி பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவன் முழங்கையைப் பிடித்தார். வெறுங்காலோடு வந்தான்.

சுவரோரம் விட்டிருந்த வழியில் ஒரு ஸ்ட்ரெச்சர் நின்றது. யாரையோ உள்ளே கொண்டுபோகிறார்கள். சக்கரம் பிளாஸ்டிக்கில் சிக்கியிருந்தது.

தவசி நாடாவுக்கு முன்னால் நின்றான். எதிரே ஈரமாக, நீலமாகக் கிடந்தது கார்ப்பெட். தன் கால்களைப் பார்த்தான். படியின் அழுக்கெல்லாம் அதில் இருந்தது.

“கழுவியிருக்கே,” என்றான்.

ஹாஜிரா நாடாவைப் பிடித்து இழுத்து அறுத்தாள்.

“மிதிச்சுட்டு ஓடுங்க.”