முப்பத்தொரு வயதுக்காரனுக்கு ஒரு வாழ்த்து அட்டை

"பொம்பளைப் பிள்ளைக்குன்னா பூ ஒட்டிரலாம். சின்னப் பயலுக்குன்னா பட்டம், சைக்கிள். ஆம்பளைக்கு என்ன சார் ஒட்டுறது?"

கேட்டவள் செங்கமலம். ஐம்பத்து நான்கு வயது. திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைக்கிறாள்.

கேட்கப்பட்டவர் அன்வர்தீன். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். புத்தகம் பைண்டிங் செய்யும் கடை வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் மாடியில் நாலைந்து பேருக்கு வாழ்த்து அட்டை செய்யச் சொல்லிக்கொடுப்பார். பேச்சு குறைவு.

"எந்த ஆம்பளைக்கு?"

"என் மகனுக்கு. பூபதி. வர்ற ஐப்பசியில முப்பத்தொண்ணு முடியுது."

"அவனுக்கு என்ன பிடிக்கும்?"

"சைக்கிள்னா உசுரு. பரோட்டாவுக்குச் சால்னா ரெண்டு தடவை கேட்பான்."

"இப்ப?"

 

செங்கமலம் கையிலிருந்த துணிக்கடைப் பையை அவர் முன்னால் கவிழ்த்தாள். பதினைந்து அட்டைகள். எல்லாம் அவள் கையால் வெட்டி ஒட்டியவை.

அன்வர்தீன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினைந்திலும் அரைக்கால் சட்டை போட்ட ஒரு பையன். பதினைந்திலும் சைக்கிள்.

"பத்தாவதுல ஃபெயிலாயிட்டான். ஆத்திரத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன். மறுநாள் காலையில ஆள் இல்ல. தேடாத ஊர் இல்ல சார். எங்க இருக்கான்னே தெரியல. பிறந்தநாள் வந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. செஞ்சு செஞ்சு வச்சிக்கிறேன்."

"என்ன வார்த்தை?"

அவள் கடைசி அட்டையை எடுத்து நீட்டினாள். 

"போன வருஷம் செஞ்சதைப் பாத்தா எனக்கே சங்கடமா இருந்துச்சு. முப்பது வயசு ஆளுக்கு அரைக்கால் சட்டை. அதான் உங்ககிட்ட வந்தேன்."

அன்வர்தீன் அட்டைகளை அடுக்கிப் பையில் போட்டுக் கொடுத்தார். காகிதம் தரவில்லை. கத்தரிக்கோல் தரவில்லை.

"பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கக்கா. முப்பத்தொரு வயசு ஆளுகளைப் பாத்துட்டு வாங்க."

"வயசு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேளுங்க."

*

மதியம் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்ததும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அந்த வாரம் முழுக்கப் போனாள்.

"தம்பி, உங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்திரண்டு. ஏம்மா, பொண்ணு ஏதும் கைவசம் இருக்கா?"

கொய்யாப்பழம் விற்றவன் முப்பது என்றான். காதோரம் நரை.

மெக்கானிக் ஒருவன் முறைத்தான். பிறகு, "முப்பத்தொண்ணு" என்று சொல்லிவிட்டு, "உக்காருங்கம்மா, வெயிலா இருக்கு" என்று தள்ளி இடம் விட்டான்.

ஒருவன் மகளைத் தோளில் உட்கார வைத்திருந்தான். அது பன் தின்றுகொண்டு வந்தது. மூக்கு ஒழுகியது. சட்டை நுனியை இழுத்துத் துடைத்துவிட்டான்.

ஒருவன் போனில் கத்தினான். "சாப்ட்டேம்மா. எத்தனை தடவை கேப்ப? சாப்ட்டேன்."

செங்கமலம் அவன் பக்கத்தில் போய் நின்றாள். வயதைக் கேட்கவில்லை. அவன் பஸ் வரும்வரை நின்றாள். அவளுடைய பஸ் மூன்று போயிருந்தது.

*

சனிக்கிழமை.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருக்கான்?"

நான் அவனையா பார்த்தேன் என்று கேட்கத்தான் நினைத்தாள். வாயில் வேறு வந்தது.

"லேசாத் தொப்பை போட்டிருக்கு சார். காதுகிட்ட நரைச்சிருச்சு. அவங்க அப்பா மாதிரி. ஒரு பொம்பளைப் பிள்ளை இருக்கு. தோள்லயே தூக்கிக்கிட்டுத் திரியிறான். அது மூக்கைச் சட்டையாலதான் துடைக்கிறான். எத்தனை தடவை வைவேன், அந்தப் பழக்கம் மட்டும் போகல..."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

 அவர் கெட்டிக் காகிதம் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார்.

சாயங்காலம்வரை வெட்டினாள். ஓர் ஆணின் உருவம். கட்டம் போட்ட நீலச் சட்டை. தோளில் உட்கார்ந்த பிள்ளையின் இரண்டு குட்டிச் செருப்பு, மார்பின் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி. முகம் வைக்கவில்லை.

மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அட்டையைத் திறந்தாள். பேனாவை எடுத்தாள். உள்ளே "வீட்டுக்கு" என்று எழுதினாள். கை நின்றுவிட்டது.

"என்னக்கா?"

"எல்லா வருஷமும் இந்த ஒரு வரிதான் சார். வீட்டுக்கு வந்துருடா."

"எழுதுங்க."

அவள் அட்டையை மூடினாள். அந்த நீலச் சட்டையைப் பார்த்தாள். தொங்குகிற செருப்புகளைப் பார்த்தாள்.

"இவனுக்குத்தான் ஒரு வீடு இருக்கே சார்."

அவள் அட்டையின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"எழுதினதை அழிக்க முடியுமா?"

"மை. அழியாது."

 அட்டையைத் திறந்து, எழுதிய சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லை மெதுவாக எழுதினாள்.

"வரலாமா?"