ஊம் கொட்டிய ஆந்தை

ஏழு கடலுக்கும் அந்தப்பக்கம், கப்பல்காரர்களும் மறந்துபோன ஒரு தீவு இருந்ததாம், கேளுங்கள். அதை ஆண்டவன் திரையமாறன். அவனைக் கட்டிக்கொண்டு அல்லாடியவள் ராணி நித்திலை.

அந்தத் தீவில் ஒரு குட்டி ஆந்தை உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மற்ற ஆந்தைபோல அலறாது. யாராவது பேசி நிறுத்தினால், கதை கேட்கிறவர்கள் மாதிரி "ஊம்" என்னும். அவ்வளவுதான்.

"எங்கும் இல்லாத பறவைக்கு எங்கும் இல்லாத அறிவு" என்று ராஜா அதை மந்திரியாக்கிவிட்டான்.

நித்திலை தலையில் அடித்துக்கொண்டாள். "அது பறவைங்க. நாய் குரைத்தாலும் ஊம் என்றுதான் சொல்லும்."

"உனக்குப் பொறாமை" என்றான் ராஜா.

"ஊரார் வலைகளைப் பிடுங்கி அரண்மனைக்குத் தோரணம் கட்டட்டுமா?" என்று ஆந்தையிடம் கேட்டான். "ஊம்" என்றது ஆந்தை. வலை போயிற்று, மீனும் போயிற்று.

"தோணிகளை உடைத்து எனக்கு ஊஞ்சல் செய்யட்டுமா?" "ஊம்." ஊஞ்சலுக்கு உதவாத ஓட்டைத்தோணி ஒன்றுதான் மிஞ்சியது.

"குளத்தைத் தூர்த்து மாளிகை கட்டட்டுமா?" "ஊம்." தீவில் குடிக்க இருந்ததே அந்த ஒரு குளம்தான். மற்றதெல்லாம் உப்புத் தண்ணீர்.

ஒவ்வொரு முறையும் நித்திலை சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், சண்டையும் போட்டுப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். குளக்கரைக்கு மண்வெட்டிகள் வந்து சேர்ந்த அன்று அவள் பொறுமை அற்றுப்போனது. அந்தி சாயும்போது ஊரையே கூட்டிக்கொண்டு ஆந்தை இருந்த புன்னைமரத்தடிக்கு வந்தாள். ராஜாவும் வந்தான்.

"மந்திரியாரே, இந்த ராஜாவை ஓட்டைத்தோணியில் ஏற்றிக் கடலில் தள்ளிவிடட்டுமா?"

"ஊம்" என்றது ஆந்தை.

"மந்திரி வாக்குக்கு மறுவாக்கு உண்டா? ஏறுங்க" என்றாள் நித்திலை. வலை இழந்தவர்களும் தோணி இழந்தவர்களும் அதற்குள் கயிற்றை எடுத்துவிட்டார்கள்.

ராஜா அலறினான். "ஐயோ, அது வெறும் பறவை. அதுக்கு என்ன தெரியும்?"

"இதைத்தானே இத்தனை நாளாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன்" என்றாள் அவள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

குளம் பிழைத்தது. தோரணம் மறுபடி வலையாயிற்று. ராஜா தன் ஊஞ்சல் பலகையை எடுத்துத் தானே தோணியின் ஓட்டையை அடைத்தான். அவன் தட்டிய சத்தத்துக்கும் ஆந்தை "ஊம்" என்றது, அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நீங்களும் சும்மா ஊம் கொட்டாமல் இதை மனதில் வையுங்கள்: எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும் வாயை ஆலோசனை என்று நம்புகிறவன், தன் குடிதண்ணீரில் தானே மண்ணைப் போடுகிறான்.