மாந்தோப்பில் தொங்கிய கருவாடு

"எவனோ எனக்குச் செய்வினை வச்சுட்டான் சாமி. அவன் யாருன்னு நீங்கதான் காட்டிக் குடுக்கணும்."

குடிலுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாய் மாதப்பன் கத்தினார்.

மாதப்பன் மாம்பழ வியாபாரி. தள்ளுவண்டியில் தொடங்கி மண்டி வைக்கும்வரை வாயாலேயே வளர்ந்தவர். பழத்தை முகர்ந்தே எந்தத் தோப்பு என்று சொல்லிவிடுவார். ஆனால் தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு எடுத்தது இதுதான் முதல் தடவை. மண்டியை விற்றுவிட்டு எடுத்தது.

அவருடைய குரு மங்கையம்மாள், வயதில் அவருக்கு இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உக்காருங்கண்ணே. என்ன பாத்தீங்க?"

"கிளைக்குக் கிளை சாக்குப் பை. உள்ள நாறுற கருவாடு. ஈ சாமி, ஈ. தோப்பே கறுப்பா ஆடுது. வாயைத் திறந்தா வாய்க்குள்ள, மூச்சை இழுத்தா மூக்குக்குள்ள. ஆயுசு முழுக்க மண்டியில ஈயோட குடும்பம் நடத்துனவன், நானே மிரண்டு ஓடியாந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன. பையெல்லாம் அறுத்து எரிச்சேன். நேத்து ஆளை விட்டுப் பூச்சி மருந்து அடிச்சேன். கடைக்காரன் சொன்னதுக்கு மேலயே கலந்தேன்."

அம்மாளின் கை கீரையிலேயே நின்றது.

"பூ மேலயா?"

"பூ, இலை, எல்லாத்து மேலயும். நான் யாருன்னு செய்வினை வச்சவனுக்குத் தெரிய வேணாமா?"

அம்மாள் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க, தோப்புக்குப் போலாம்."

தோப்பில் சத்தமே இல்லை.

மரமெல்லாம் பூத்துக் குலுங்கி நின்றது. மாதப்பனுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு செருப்புக்கடியில் ஏதோ நொறுங்கியது.

குனிந்தார்.

தரை கறுத்துக் கிடந்தது. ஈ மட்டுமில்லை. தேனீ, குளவி, பேர் தெரியாத வண்டுகள். ஓர் ஓணான் மல்லாந்து கிடந்தது, வாய் நிறைய ஈயோடு.

"ஓணானை நான் ஒண்ணும் பண்ணலையே," என்றார் மாதப்பன். குரல் இறங்கிவிட்டது.

அம்மாள் ஓர் ஈயை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அதன் கால் மயிரில் வெளிர் மஞ்சளாய் ஏதோ ஒட்டியிருந்தது.

"என்ன இது, மந்திரிச்ச மஞ்சளா?"

"பூவைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். விரலிலும் அதே தூள்.

விரலைப் பார்த்தார். ஈயைப் பார்த்தார்.

"அப்ப, பூ காயாகுறது..."

"இதுங்க பூவுக்குப் பூ நடந்தாத்தான்."

பை அறுத்த கிளைகளை மாதப்பன் அண்ணாந்து பார்த்தார்.

"இது தெரிஞ்சு கட்டுனவன் எவன் சாமி?"

"நான்தான்."

கவுச்சி பக்கமே போகாத கை அது. மாதப்பன் அந்தக் கையையே பார்த்தார்.

"போன அமாவாசைக்கு வந்து அழுதீங்க. தோப்பு காய்க்கலேன்னா தெருவுலதான் நிக்கணும், ஏதாச்சும் பண்ணுங்கன்னீங்க. பண்ணுனேன். இந்தப் பக்கம் பூவெடுக்கையில ஈயை இழுக்க எல்லாரும் கட்டுறதுதான்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எங்க நின்னீங்க? விபூதியை வாங்கி மடியில முடிஞ்சுட்டு ஓடிட்டீங்க."

மாதப்பன் மடியைத் தடவிப் பார்த்தார். ஆனாலும் பேரத்தை விடவில்லை.

"சரி, மறுபடி கட்டுங்க. லாரி லாரியா கருவாடு இறக்குறேன்."

"கட்டலாம். மொய்க்க யாரு இருக்கா?"

மாதப்பன் ஒரு மரத்தடிக்கு ஓடினார். காது கொடுத்துக் கேட்டார். அடுத்த மரத்துக்கு ஓடினார். அங்கும் ஒன்றுமில்லை. கடைசியில் வேலியோரம் போய் நின்று, எதிரே தெரிந்த கரட்டுக் குன்றைப் பார்த்து இரண்டு கையையும் வாயருகே குவித்தார். ஏலம் விடுகிற அதே குரல்தான்.

"எங்க ஒளிஞ்சிருக்கீங்க? ஒண்ணு ரெண்டு ஈயாச்சும் மிச்சம் இருப்பீங்கல்ல? வந்து சரி பண்ணிட்டுப் போங்க. பூ உதிர்றதுக்குள்ள வந்து சரி பண்ணிட்டுப் போங்க."